ரெண்டு காப்பி எடுத்துட்டு வாம்மா

அவையை அடக்கியாளும் ஆற்றல் மிக்க தலைவர் அவர்களே! எழுதிவைத்த நிகழ்ச்சி நிரலை ஒரு நாளும் மீறாத எங்கள் வாசிப்பாளர் சங்கத்தின் செயலாளர், நாங்கள் எல்லோரும் டீச்சர் என்றே அழைக்கும் அம்மையார் அவர்களே! பின்னால் தொங்கும் பதாகையில் விழா நாயகியின் பெயரைவிட இரண்டு மடங்கு பெரிய எழுத்தில் வீற்றிருக்கும் 'குரல்களின் புரவலர்', பதிப்பக அதிபர் அவர்களே! அதே பதாகையின் ஓரத்தில் தன் பெயரைக் கண்ணாடி போட்டுத் தேடிக் கண்டுபிடித்து, "பரவால்லடி, எழுத்துப்பிழை இல்ல" என்று மகிழ்ந்த விழா நாயகி, எங்கள் வக்கீலம்மா அவர்களே!

முன் வரிசையில் அமர்ந்து, காலடி ஓசையை வைத்தே ஆளை அடையாளம் சொல்லும் பார்வையற்ற நண்பர்களே! அவர்களுக்காகப் பாடநூல்களை வாசித்து வாசித்துத் தொண்டை கட்டிப்போன நாற்பத்து மூன்று தாய்மார்களே! பெரியோர்களே! பேச்சு எப்படி இருந்தாலும் காற்று வந்தால் போதும் என்று மின்விசிறிக்கு அடியில் இடம்பிடித்த விவேகிகளே! கடைசியாக, அறிவிப்பாளர் கையில் இருக்கும் மணியே! உனக்கும் என் வணக்கம். எனக்கு எட்டு நிமிடம் தந்திருக்கிறாய். அவசரப்படாதே.

இந்த இடத்தில் பேசியிருக்க வேண்டியவர் வேறொருவர். அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. டீச்சர் என்னைப் பிடித்து, "நீ அவங்ககிட்ட ஜூனியரா ரெண்டு வருஷமா இருக்கியே, ரெண்டு வார்த்தை வாழ்த்திப் பேசிடும்மா. நீ முடிச்சதும் ஒப்பந்தத்துல கையெழுத்து, அப்புறம் தேநீர்" என்றார். அந்த ஒப்பந்தம் அதோ மேசையில் இருக்கிறது. நம்முடைய ஒலிப்பதிவுகளை எல்லாம் பதிப்பகத்தின் பாதுகாப்பில் ஒப்படைக்கும் ஒப்பந்தம். பக்கத்தில் பேனா. டீச்சர் மூடியைக் கழற்றியே வைத்துவிட்டார். மை காய்வதற்குள் முடிக்கிறேன்.

எங்கள் வக்கீலம்மாவின் தொழில் என்ன? எண்மப் பதிப்புரிமை. கணினியிலும் கைபேசியிலும் எது யாருக்குச் சொந்தம், யார் எதை நகல் எடுக்கலாம் என்பதைப் பற்றிய சட்டம். அதிலும் பொதுமக்கள் பக்கம் நின்று வாதாடுவது. இருபது ஆண்டுகளாக இதுவே அவர் பிழைப்பு. கொலை வழக்கு எடுத்தவர்கள் கார் வாங்கினார்கள். நிலவழக்கு எடுத்தவர்கள் நிலமே வாங்கினார்கள். இவர் வாங்கியது முதுகுவலி.

தொழில் தொடங்கிய அன்று தன் தாயாரிடம் விளக்கியிருக்கிறார். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்களாம்: "என்னடி கேஸ் இது? திருடு போச்சுங்கிறான். ஆனா பொருள் அங்கயேதான் இருக்கு. எடுத்தவன்கிட்டயும் இருக்கு, விட்டவன்கிட்டயும் இருக்கு. அப்புறம் எதுக்குடி அவன் அழறான்?"

கைதட்டுங்கள் ஐயா! சட்டக் கல்லூரியில் ஐந்து ஆண்டு படித்தும் எனக்கு விளங்காததை அந்த அம்மா அடுப்படியில் நின்றபடி அரை நிமிடத்தில் கேட்டுவிட்டார்கள்.

அலுவலகம் எங்கே? நகல் எடுக்கும் கடைக்கு மேல்மாடி. நகல் எடுப்பது குற்றமா இல்லையா என்று மேலே வாதம் நடக்கும். கீழே 'டர் டர்' என்று நகல் எடுத்துக்கொண்டே இருப்பார்கள். மாடிக்கு இருபத்திரண்டு படிகள். அறைக்குள் ஒரு மேசை, மூன்று நாற்காலி, அதில் ஒன்று உட்காருவதற்கு அல்ல, கோப்புகளுக்கு. எதிரில் வருகிறவர்கள் இரண்டு பேராக இருந்தால் நான் நிற்பேன். நின்றே பழகியதால்தான் இன்று மேடையில் நிற்க முடிகிறது.

அங்கே வந்த வழக்குகள் எப்படிப்பட்டவை? ஒன்று சொல்கிறேன். ஒரு செவிலியர், தன் குழந்தை முதன்முதலாக எழுந்து நின்றதைப் படம் பிடித்து இணையத்தில் போட்டார். மறுநாள் அது மாயமாகிவிட்டது! ஏன்? நிறுவனத்தின் தானியங்கி எந்திரம் சொல்கிறது: படத்தின் பின்னணியில் கேட்கும் ஓசை, ஒரு பிரபல பாடலின் தாளத்தோடு எண்பத்தேழு விழுக்காடு ஒத்துப்போகிறதாம். என்ன ஓசை? வீட்டு மின்விசிறி, ஐயா! எண்ணெய் போடாத மின்விசிறி! கிறீச்... டொக். கிறீச்... டொக்.

சிரிக்கிறீர்கள். அந்தச் செவிலியர் சிரிக்கவில்லை. ஏழு முறை எழுதிப் போட்டார். ஏழு முறையும் எந்திரமே பதில் எழுதியது. எங்கள் வக்கீலம்மா என்ன செய்தார்? ஏணி போட்டு ஏறி மின்விசிறியைப் பார்த்தார். அதை வாங்கிய ரசீதைக் கேட்டார். நிறுவனத்தின் சட்ட அதிகாரி முன்னால் போய் உட்கார்ந்தார்.

"உங்க பாட்டு எப்ப சார் வந்துச்சு?"

"மூணு வருஷம் ஆச்சு மேடம்."

"ஃபேன் வாங்கி பதினொரு வருஷம் ஆச்சு. ரசீது இருக்கு. இப்ப சொல்லுங்க, யாரு யாரைப் பார்த்து எழுதினது? உங்க இசையமைப்பாளர் இவங்க வீட்டுக்கு எப்பவாச்சும் வந்து தங்கினாரா?"

அன்று மாலையே குழந்தை மறுபடி இணையத்தில் எழுந்து நின்றது.

இது வேடிக்கை. இனிச் சொல்வது வேடிக்கை மட்டும் அல்ல. நம் புரவலர் அவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும் கதை. புரவலர் அவர்களே, தண்ணீர் அந்தப் பக்கம் இருக்கிறது, எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது வரிசையில் நீலச் சேலையில் உட்கார்ந்திருக்கிறாரே தையல்கார அக்கா, அவர் கல்லூரிப் பாடநூல்களை வாசித்துப் பதிவு செய்து சங்கத்தின் இணையப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டிருந்தார். பொருளாதாரமும் வரலாறும் அவர் வாயில் வரும். நடுநடுவே தையல் எந்திரமும் வரும். ஒரு பதிவில், பணவீக்கத்தை விளக்கிக்கொண்டே வந்தவர், "ரவிக்கை வெள்ளிக்கிழமை தர்றேன்க்கா" என்று ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு மறுபடி பணவீக்கத்துக்குப் போய்விடுவார். கேட்கும் பிள்ளைகளுக்கு அந்த வாக்கியமும் மனப்பாடம். தேர்வில் எழுதாமல் விட்டார்களே, அதுவே பெரிது!

ஒரு திங்கட்கிழமை காலை, முந்நூற்றுப் பன்னிரண்டு பதிவுகள் காணாமல் போயின. நாற்பத்து மூன்று பெண்கள் நான்கு ஆண்டுகள் வாசித்தவை. பதிப்பகத்திலிருந்து வழக்கறிஞர் அறிவிப்பு வந்தது: எங்கள் நூல்களை உரக்க வாசித்தது குற்றம்.

மறுநாள் எங்கள் மாடிப்படியில் ஒரு மாணவி ஏறி வந்தார். கையில் மடக்குக் கோல். இதோ முன் வரிசையில் இருக்கிறார். வந்ததும் வணக்கம் சொல்லவில்லை. "இருபத்திரண்டு படி இருக்கு. பதினேழாவது உடைஞ்சிருக்கு. எனக்குப் பரவால்ல, கண்ணு தெரியறவங்க யாராச்சும் விழுந்துடப் போறாங்க" என்றார்.

பிறகு உட்கார்ந்தார். "பரீட்சைக்குப் பத்தொன்பது நாள் இருக்கு மேடம். என் புத்தகம் முழுக்கப் போயிடுச்சு. மத்தவங்களுக்குப் புத்தகம் அலமாரியில இருக்கும். எனக்கு அந்தத் தையல்கார அக்கா குரல்லதான் இருக்கு."

வக்கீலம்மா அறிவிப்பைக் கையில் எடுத்தார். படித்தார். முதல் பக்கம் முடிந்தது. இரண்டாம் பக்கம் வந்தது. திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார். எனக்கோ பயம்! எதிரில் ஒரு பெண் கண்கலங்கி உட்கார்ந்திருக்க, இவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாரே என்று நான் நெளிந்தேன்.

"ஏழாவது பத்தியைப் படிடி. சத்தமா படி."

படித்தேன். இன்றும் மனப்பாடம்: "மேற்படி பதிவுகளைக் கேட்டவர்கள், தாங்கள் கேட்டவை அனைத்தையும் இவ்வறிவிப்பு கிடைத்த ஏழு நாட்களுக்குள் தங்கள் நினைவிலிருந்து முற்றிலுமாக நீக்கிவிட்டு, நீக்கியமைக்கான சான்றினை எழுத்துமூலம் அனுப்ப வேண்டும்."

தாய்மார்களே! கேட்டதை மறக்க வேண்டுமாம்! மறந்ததற்குச் சான்றும் தர வேண்டுமாம்! எதை மறந்தோம் என்பதை மறக்காமல் எழுதி அனுப்ப வேண்டுமாம்!

இதை எழுதிய அறிவாளி யார்? பதிப்பகத்தின் பெரிய வழக்கறிஞர் அலுவலகமா? இல்லை. எழுதியவர் எங்கள் வக்கீலம்மா! மாலைநேரச் சட்டக் கல்லூரியில் அவர் பாடம் எடுக்கிறார். ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு வினாத்தாளில், வேண்டுமென்றே அபத்தமாக ஓர் அறிவிப்பை எழுதி, 'இதில் உள்ள ஆறு பிழைகளைக் கண்டுபிடிக்க' என்று கேட்டிருந்தார். யாரோ ஒரு மாணவர் அதை இணையத்தில் ஏற்றிவிட்டார். பதிப்பகத்தின் வழக்கறிஞர்கள் அறிவிப்புக்கு மாதிரி தேடியிருக்கிறார்கள், இது கிடைத்திருக்கிறது, பெயரை மட்டும் மாற்றி அனுப்பிவிட்டார்கள். ஆறு பிழைகளும் அப்படியே. பரீட்சை எழுதியிருந்தால் பூஜ்யம்!

பிறர் உழைப்பைத் திருடாதே என்று அனுப்பிய அறிவிப்பே திருட்டு அறிவிப்பு. பார்த்து எழுதுவது பாவம் என்பதையே பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

நீதிமன்றத்தில் நீதிபதி ஏழாவது பத்தியைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "வக்கீல் சார், மறந்ததுக்குச் சான்று எந்த ஆபீஸ்ல குடுக்கிறாங்க? எனக்கும் ஒண்ணு தேவைப்படுது."

"எங்க ஆபீஸ்ல தயார் பண்ணின அறிவிப்பு யுவர் ஆனர், ஒரு சின்ன கவனக்குறைவு..."

எங்கள் வக்கீலம்மா எழுந்தார். வினாத்தாளை நீட்டினார். "இல்ல யுவர் ஆனர், இது நான் தயார் பண்ணினது. அவங்க என்கிட்ட அனுமதி கேக்கல. பரவால்ல, நான் நோட்டீஸ் அனுப்ப மாட்டேன். படிக்கிறவங்க பயன்படுத்திக்கட்டும்னுதான் எழுதினேன்."

மன்றம் சிரித்தது. ஆனால் சிரிப்பால் வழக்கை வெல்ல முடியாது. பார்வையற்றோருக்காக நூலை ஒலிவடிவில் மாற்றச் சட்டமே விலக்கு அளித்திருக்கிறது என்பதைப் பத்தி பத்தியாகக் காட்டினார். பதினோராம் நாள் தீர்ப்பு. முந்நூற்றுப் பன்னிரண்டு பதிவுகளும் திரும்பின. தேர்வுக்கு எட்டு நாள் மிச்சம். மாணவி எழுதினார். தேறினார். இன்று சட்டம் படிக்கிறார். பதினேழாவது படியை நாங்கள் இன்னும் சரிசெய்யவில்லை. அதற்காக எங்கள்மீது முதல் வழக்கு போடப்போவதாகச் சொல்லியிருக்கிறார்.

என்ன? மணி அடிக்கிறதா? ஐந்து நிமிடம்தான் ஆகிறது. புரவலரின் மேலாளர் உங்கள் காதில் ஏதோ சொன்னதை நான் பார்த்தேன் அறிவிப்பாளர் அண்ணா. இன்னும் மூன்று நிமிடம் எனக்குச் சொந்தம். அதற்குப் பதிப்புரிமை என்னிடம் இருக்கிறது.

இனி இன்றைய கதை. தோற்ற பதிப்பகம் ஓராண்டு அமைதியாக இருந்தது. பிறகு அன்பு பொங்கியது. ஓசை புகாத ஒலிப்பதிவு அறை கட்டித் தருகிறோம் என்றார்கள். புதிய ஒலிவாங்கி, புதிய கணினி. நம் தாய்மார்கள் போர்வைக்குள் புகுந்து வாசித்த காலம் போய்விடும் என்றார்கள். வக்கீலம்மாவின் இருபதாண்டுப் பணிக்குப் பாராட்டு விழாவும் நாங்களே எடுக்கிறோம் என்றார்கள். யாருக்குத்தான் மகிழ்ச்சி வராது? டீச்சருக்கு வந்தது. எனக்கும் வந்தது.

"இன்னிக்கு வக்கீலம்மா விருந்தாளி. ஒப்பந்தம் அது இதுன்னு காட்டி அவங்களைத் தொந்தரவு பண்ண வேண்டாம். வெறும் ஃபார்மாலிட்டிதான்" என்றும் சொன்னார்கள். எத்தனை கனிவு! பூட்டுக்குப் பூமாலை போட்டுவிட்டுக் கதவைக் கழற்றிக்கொண்டு போகும் கனிவு!

இன்று மதியம் இந்த மண்டபத்தில் நான் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தேன். மேலாளர் வந்தார். என்னைப் பார்த்தார். நாற்காலி அடுக்கும் பெண்ணுக்கு நாலெழுத்து தெரியாது என்று நினைத்தாரோ என்னவோ, ஒரு தாள்கட்டை நீட்டினார்.

"தங்கச்சி, கீழ கடையில போய் ரெண்டு காப்பி எடுத்துட்டு வாம்மா."

பெரியோர்களே! நகல் எடுப்பது குற்றம் என்று நமக்கு அறிவிப்பு அனுப்பியவர்கள்! நகல் எடுத்த அறிவிப்பையே அனுப்பியவர்கள்! அவர்கள் என்னிடம் கேட்கிறார்கள், ரெண்டு காப்பி!

என் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். எட்டு வயதிலிருந்து எங்கள் வீட்டுக்கு எந்தத் தாள் வந்தாலும் நான்தான் படித்துச் சொல்ல வேண்டும். அப்பா, "எங்க கையெழுத்துன்னு மட்டும் சொல்லும்மா" என்பார். நான் சொல்ல மாட்டேன். முழுவதும் படித்த பிறகுதான் பேனாவைக் கொடுப்பேன். அந்தப் பழக்கம் போகவில்லை. எந்திரத்தில் ஒவ்வொரு தாளாக வைக்கும்போதே படித்தேன். எட்டுப் பக்கம் வரை அன்பும் அறையும் ஒலிவாங்கியும். ஒன்பதாம் பக்கம், பதினான்காம் பிரிவு. படிக்கிறேன், கேளுங்கள்.

"இப்பதிவுகளும், அவற்றில் அடங்கிய குரல்களும், அக்குரல்களைக் கொண்டு இயந்திரத்தால் உருவாக்கப்படும் குரல்களும், இன்று உள்ள கருவிகளிலும் இனிக் கண்டுபிடிக்கப்படும் கருவிகளிலும், பிரபஞ்சம் முழுவதிலும், காலம் உள்ளவரை, பதிப்பகத்துக்கே உரியன. பதிப்பகத்தின் அனுமதியின்றி உறுப்பினர்கள் எந்நூலையும் பிறருக்காக உரக்க வாசிக்கலாகாது."

பிரபஞ்சம் முழுவதும்! தையல்கார அக்கா, நாளை நீங்கள் செவ்வாய்க் கிரகத்துக்குப் போய் ஒரு பாடம் வாசித்தாலும் புரவலரைக் கேட்டுவிட்டுத்தான் வாய் திறக்க வேண்டும். இங்கே உங்கள் குரலை எந்திரத்துக்குப் பழக்கிவிடுவார்கள். அது இரவும் பகலும் வாசிக்கும், தொண்டை கட்டாது, ரவிக்கையை வெள்ளிக்கிழமை தருவதாகச் சொல்லாது. அடுத்த பக்கத்தில் கட்டண விவரம் இருக்கிறது. இலவசமாகக் கேட்டுவந்த இந்த மாணவி, உங்கள் குரலைக் கேட்க அவர்களுக்கு மாதாமாதம் சந்தா கட்டுவார். குரல் உங்களுடையது, காது அவருடையது, நடுவில் கல்லாப்பெட்டி மட்டும் புரவலருடையது!

வழக்குமன்றத்தில் வாங்க முடியாததை வாழ்த்துமேடையில் வாங்க வந்திருக்கிறார்கள். அறிவிப்பால் அடக்க முடியாததை அன்பளிப்பால் அடக்க வந்திருக்கிறார்கள். கேட்டதை மற என்றவர்கள் இன்று, வாசிப்பதையே மற என்கிறார்கள்!

என்ன டீச்சர்? "ஃபார்மாலிட்டின்னுதானே சொன்னாங்க" என்கிறீர்களா? ஆமாம் டீச்சர், அதைத்தான் எங்கள் அப்பாவிடமும் எல்லோரும் சொல்வார்கள். உங்கள் மேல் குற்றம் இல்லை. போர்வைக்குள் வியர்த்து வாசித்தவர்களுக்கு ஓர் அறை கிடைக்கட்டும் என்று நீங்கள் ஆசைப்பட்டீர்கள். அந்த ஆசை தவறா? தவறே இல்லை. அறைக்கு வாடகையாகத் தொண்டையைக் கேட்பதுதான் தவறு.

மேலாளர் அண்ணா, உட்காருங்கள். "அது ரகசிய ஆவணம், நீ எப்படிம்மா படிக்கலாம்" என்கிறீர்கள். நியாயம். ரகசிய ஆவணத்தை நாற்காலி அடுக்குகிறவளிடம் கொடுத்தது யார்? நீங்கள் இரண்டு நகல் கேட்டீர்கள். நானும் எடுத்தேன். ஆனால் யோசித்தேன். இந்த ஒப்பந்தத்தால் கட்டப்படப் போகிறவர்கள் எத்தனை பேர்? நாற்பத்து மூன்று பேர். அவர்களுக்கு?

தாய்மார்களே, நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள். நாற்காலி அடுக்கியது நான்தானே! எடுங்கள். ஒன்பதாம் பக்கத்தில் அடிக்கோடு போட்டிருக்கிறேன். நாற்பத்து மூன்று நகல். கடைக்காரர், "எதுக்கும்மா இத்தனை, கல்யாணப் பத்திரிகையா?" என்று கேட்டார். "இல்லண்ணே, கல்யாணத்தை நிறுத்தற பத்திரிகை" என்றேன்.

முன் வரிசை நண்பர்களே, உங்களுக்குத் தாள் இல்லை. உங்களை மறப்பேனா? கடையின் படிக்கட்டில் உட்கார்ந்து பத்துப் பக்கத்தையும் வாசித்துப் பதிவு செய்து உங்கள் கைபேசிக்கு அனுப்பியிருக்கிறேன்.

அதோ! கேட்கிறதா? மாணவியின் கைபேசி பேசுகிறது. என் குரல்தான். என்ன சொல்கிறாய் தங்கச்சி? "பிரபஞ்சம் வந்துடுச்சு அக்கா" என்கிறாயா? சத்தத்தைக் கூட்டி வை. பின்வரிசையும் கேட்கட்டும்.

வக்கீலம்மா அவர்களே, உங்களை வாழ்த்திப் பேச வந்தேன், வாழ்த்தவே இல்லை. இருபது ஆண்டுகள் நீங்கள் செய்ததெல்லாம் இதுதானே! எல்லோரும் கையெழுத்து எங்கே என்று கேட்கும்போது, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டீர்கள். இப்போது கையை நீட்டுகிறீர்கள். தாளைக் கேட்கிறீர்கள். கண்ணாடியைத் தேடுகிறீர்கள். அவையோரே, இந்த விழாவில் இவருக்கு யாரும் தர விரும்பாத ஒரே பரிசை நான் தருகிறேன்: படிக்க ஓர் ஒப்பந்தம்! இதோ, அம்மா. நாற்பத்து நான்காவது நகல்.

ஓ, சிரிக்க ஆரம்பித்துவிட்டார்! புரவலர் அவர்களே, இவர் சிரித்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். தண்ணீர் இன்னும் இருக்கிறது.

இந்த நகல்களுக்காக நீங்கள் எனக்கு வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பலாம். தாராளமாக அனுப்புங்கள். மாடிக்கு இருபத்திரண்டு படி. பதினேழாவதில் பார்த்து வரச் சொல்லுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள். இந்த முறையாவது அறிவிப்பைச் சொந்தமாக எழுதுங்கள்.

டீச்சர் பேனாவை எடுக்கிறார். எல்லோரும் கொஞ்சம் பொறுங்கள். டீச்சர்... மூடிவிட்டார்! பேனாவை மூடிவிட்டார், ஐயா! கைதட்டல் எனக்கு வேண்டாம், அந்த மூடிக்குக் கொடுங்கள்!

மணி அடித்துவிட்டது. தந்த எட்டு நிமிடத்துக்குத் தலைவருக்கு நன்றி. நாற்காலி அடுக்க விட்டதற்குச் சங்கத்துக்கு நன்றி. நம்பித் தாளைக் கொடுத்த மேலாளர் அண்ணனுக்குத் தனி நன்றி. தேநீர் தயாராக இருக்கிறது. தாய்மார்களே, தொண்டைக்கு இதமாகச் சூடாகக் குடியுங்கள். நாளைக்கும் வாசிக்க வேண்டும். நாற்பத்து மூன்று குரல்களுக்கும், அவற்றைக் கேட்கும் காதுகளுக்கும் என் வணக்கம்.